சத்தத்தைக் குறைங்க தம்பி

கச்சேரியில் வாசிக்கிறவருக்குப் பொன்னாடை உண்டு. கல்யாண வீட்டில் வாசிக்கிறவருக்குக் கவரும் பிரியாணியும் உண்டு. கோயிலில் கீபோர்டு வாசிக்கிற எனக்கு உள்ளது ஒரே ஒரு வாக்கியம்: “சத்தத்தைக் குறைங்க தம்பி.” தலை நரைத்தாலும் தம்பிதான். திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் கீபோர்டுக்குப் பின்னால் உட்கார்ந்தவனுக்கு வயது ஏறுவதே இல்லை.

ஞாயிறு காலை ஆராதனைக்குள் நான் இரண்டு கண்டங்களுக்குப் போய்வர வேண்டும். பாமாலை என்றால் ஐரோப்பா: நாலு குரல், அளந்து வெட்டிய அடிகள், கடைசியில் ஆமென். கீர்த்தனை என்றால் தஞ்சாவூர். வேதநாயகம் சாஸ்திரியார் காலத்திலிருந்து வருகிற சொத்து. கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டுக்கு மேலேயே ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும். சபையில் அதைப் படிக்கிற ஒரே ஆள் நான். படித்து என்ன பயன்? தோடி என்று போட்டிருக்கும். தோடிக்கு உயிரே காந்தாரத்தின் அசைவு. என் கீபோர்டின் கட்டை அசையாது. பக்கத்திலுள்ள சக்கரத்தைத் திருப்பினால் சுரம் அசையும்தான். ஆனால் ஆம்புலன்ஸ் வந்துவிட்டதென்று எல்லாரும் வாசலைப் பார்ப்பார்கள். இதற்குள் கிடார் வாசிக்கிற பையன் தன் பங்குக்கு ஒரு மேஜர் கார்டு போட்டிருப்பான். தோடியில் இருப்பது சாதாரண காந்தாரம், அவன் போட்டதில் அந்தர காந்தாரம். இரண்டும் ஒன்றாக ஒலிக்கும்போது எங்கள் போதகர் ஐயர் கண்ணை மூடிக்கொள்வார். ஜெபிக்கிறார் என்று சபை நினைத்துக்கொள்ளும்.

தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகரம்’ என்ற பெருநூலில், ஒரு ஸ்தாயிக்கு 22 சுருதி அல்ல, 24 என்று வாதாடினார். எங்கள் கடைசி வரிசை ஆண்கள் பாடுவதைக் கேட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் கூட்டியிருப்பார்.

இத்தனைக்கும் நடுவில் ஆசை மட்டும் விடுவதில்லை. சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து ஆரம்பப் பாட்டுக்கு ஒரு முன்னிசை கட்டுவேன். இடது கை இறங்க, வலது கை ஏற, நடுவில் யாரும் எதிர்பாராத ஒரு மைனர் திருப்பம். மறுநாள் அதை வாசிக்கும்போது சபை முழுவதும் எழுந்து நிற்கும். மெய்சிலிர்த்து அல்ல. பாட்டு ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து, பாதியிலேயே பாடவும் தொடங்கிவிடுவார்கள்.

தொடங்கி வைப்பது முன்வரிசைப் பாட்டி. கொயர் மாஸ்டர் என்று சம்பளமில்லாத ஒருவர் எங்களுக்கு இருக்கிறார். ஆனால் தாளம் பாட்டியின் கையில். நான் போகிற வேகத்துக்கு அரை அட்சரம் பின்னால் நிதானமாக வருவார். நான் ஓட்டினால் அவர் ஓடமாட்டார். ஆயிரம் வாட் ஸ்பீக்கர் என் பக்கம், சபை அவர் பக்கம். ஒவ்வோர் அடியின் கடைசி எழுத்தையும் மூச்சு தீரும்வரை பிடித்துக்கொண்டிருப்பார். அதுவரை என் பத்து விரல்களும் அடுத்த அடிக்கு வாசலில் காத்து நிற்கும். பாட்டுப் புத்தகம் மடியில் மூடியே கிடக்கும், மேலே கண்ணாடிக் கூடு. நாலு சரணமும் மனப்பாடம். மூன்றாம் சரணம் வந்தால் சில ஞாயிறுகளில் அவர் குரல் நின்றுபோய் உதடு மட்டும் அசையும். அது என்ன காரணம் என்று நான் கேட்டதில்லை. ஆனால் அந்த இடத்தில் என் மைனர் திருப்பத்தைச் செருக எந்தத் தைரியசாலிக்கும் கை வராது.

இந்த முன்னிசை வியாதி எனக்கு மட்டும் வந்ததல்ல. ஆர்ன்ஸ்டாட் நகரக் கோயிலில் ஆர்கன் வாசித்த இருபது வயதுப் பையன் ஒருவன், 1705இல் நாலு வாரம் விடுப்பு வாங்கி, புக்ஸ்டஹூடே என்ற மேதையைக் கேட்க லூபெக் போனான். திரும்பிவர ஏறக்குறைய நாலு மாதம். வந்தபிறகு வாசித்த வாசிப்பில் சபைக்குப் பாட்டே பிடிபடவில்லை. 1706இல் கமிட்டி கூப்பிட்டு விசாரித்தது. முன்னிசை நீளம் என்று முன்பு சொன்னதற்கு, ஒரேயடியாகச் சுருக்கிவிட்டான் என்று இன்னொரு புகார். பையன் பெயர் யோகான் செபாஸ்டியன் பாக். பிற்பாடு தன் இசைப்பிரதிகளின் கடைசியில், மகிமை தேவனுக்கே என்று பொருள்படும் மூன்றெழுத்தைப் போடுவது அவர் வழக்கமாயிற்று. அதே கையால் 1730இல் லைப்சிக் நகர மன்றத்துக்கு ஒரு மனுவும் எழுதினார்: மாணவர்களில் 17 பேர் தேறுவார்கள், 20 பேர் இன்னும் தேறவில்லை, 17 பேர் எதற்கும் உதவமாட்டார்கள். எங்கள் கொயரில் இப்படி ஒரு பட்டியல் போட்டால் அடுத்த சபைத் தேர்தலே அதன் பேரில்தான் நடக்கும்.

அதற்கும் வெகுகாலம் முன்னால் புனித அகஸ்டின் தம் ‘அறிக்கைகள்’ நூலின் பத்தாம் புத்தகத்தில் இந்த இசை ஆசையைப் போட்டு உடைத்துவிட்டார். பாடப்படும் பொருளைவிடப் பாட்டே தம்மை அதிகம் உருக்கினால் அது பாவம் என்று வருந்தினார். வருந்தியவர், பாட்டே வேண்டாம் என்று முடிக்கவில்லை. கோயிலில் பாடுவது நல்லதுதான் என்ற பக்கமே சாய்ந்தார். அந்த இடத்தில் எனக்கு மூச்சு வந்தது.

எதிர்ப்பக்கத்தில் ஒரு கட்சி இருக்கிறது. “பிராக்டிஸ் எதற்கு? ஆவியானவர் நடத்துவார்” என்பார்கள். நடத்துவார், மறுக்கவில்லை. எஃப் ஷார்ப்பையும் அவரே வந்து அழுத்துவாரா? தப்பும் தவறுமாக வாசிப்பதைத் தாழ்மைக் கணக்கில் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். சோம்பலுக்குப் பக்தி என்று பெயர் வைத்தாலும் சுருதி சேராது.

அதற்காகத் திறமை எல்லாவற்றையும் பீடத்துக்கு முன்னால் கொட்டவும் கூடாது. ஒருமுறை காணிக்கை எடுக்கும்போது எங்கள் கிடார் பையன் மெதுவாக எதையோ வாசித்துக்கொண்டிருந்தான். ஆராதனை முடிந்ததும் சபை மூப்பர் ஒருவர் அவனைப் பிடித்துக்கொண்டார்: “ஏல, அது ‘தளபதி’ படப் பாட்டுதான?” பையன் தலைகுனிந்தான். இளையராஜா 1991இல் போட்ட மெட்டை ஓர் அடியிலேயே கண்டுபிடித்த மூப்பர், காணிக்கைப் பையில் கை விட்டபோது எந்தத் தியானத்தில் இருந்தார் என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. சபையின் சமாதானம் கருதி விட்டுவிட்டேன்.

என்னிடம் உள்ள அளவுகோல் ஒன்றுதான். தெரிந்த பாட்டின் கடைசிச் சரணத்தில் இரண்டு கையையும் கட்டையிலிருந்து எடுத்துவிடுவேன். சபை தானே பாடிக்கொண்டு போனால் அதுவரை வாசித்தது சரி. தடுமாறி எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தால், நடந்தது கச்சேரி. இப்படிக் கையை எடுக்கத்தான் எனக்கு அதிகப் பயிற்சி தேவைப்பட்டது.

ஆசை உள்ளவனுக்கும் சபை ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறது: ஆசீர்வாதத்துக்குப் பின். அப்போது பாக்கை வாசிக்கலாம், நீளமாக வாசிக்கலாம், கமிட்டி கூப்பிடாது. கமிட்டி உட்பட எல்லாரும் செருப்பைத் தேடப் போயிருப்பார்கள். ஆகவே, சபையாரே, உங்கள் கோயிலிலும் ஒரு தம்பி இருப்பான். வருகிற ஞாயிறு இரண்டு நிமிடம் பொறுத்து உட்கார்ந்து அவன் வாசிப்பதைக் கேட்டுவிட்டுப் போங்கள். செருப்பு எங்கேயும் போய்விடாது. போனாலும் அது கிடார் பையனுடையதாகத்தான் இருக்கும்.