பழைய லேப்டாப்புக்குப் புது எஸ்எஸ்டி

2018-ல் வாங்கிய கேமிங் லேப்டாப்பில் 7,000 எம்பி வேக எஸ்எஸ்டி போட்டால் பறக்குமா?

பறக்கும், ரன்வே இருந்தால்!

அந்தக் காலத்து லேப்டாப்களில் உள்ளது பிசிஐஇ 3.0. என்ன விலை கொடுத்து வாங்கினாலும் நொடிக்குச் சுமார் 3,500 எம்பிதான் உச்சம். மிச்ச வேகத்துக்குக் கொடுத்த காசு வீண்.

வாங்கும் முன் மாடலின் கையேட்டைப் பார்ப்பது அவசியம். சில மாடல்களின் எம்.2 ஸ்லாட் சாட்டா எஸ்எஸ்டியை மட்டுமே ஏற்கும். அதில் என்விஎம்இ எஸ்எஸ்டி கச்சிதமாகப் பொருந்தி, ஸ்க்ரூவும் முடுக்கியாகிவிடும். பயாஸில் மட்டும் தெரியாது.

அப்படியானால் சாட்டாவே போதுமா?

பழைய ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 150 எம்பியைத் தொடவே மூச்சு வாங்கும். சாட்டா எஸ்எஸ்டி 550 வரை தரும். விண்டோஸும் கேமும் சட்டென்று திறக்கும். ஃப்ரேம் ரேட்டைக் கூட்டுவதோ பெரும்பாலும் கிராஃபிக்ஸ் சிப்பின் வேலை.