வெல்லாக் குதிரையின் முதல் வெற்றி: ஓர் ஆய்வு

ஒரு பந்தயத்தில்கூட ஜெயிக்காத குதிரைக்கு ரேஸ் வட்டாரத்தில் 'மெய்டன்' என்று பெயர். பத்துக் குதிரை ஓடினால் ஒன்பது தோற்கும். ஆகவே தோல்வி குதிரையின் இயல்பு. விளக்கம் தேவைப்படுவது வெற்றிக்குத்தான்.

இத்துறையின் மூலநூல், ஓடும் குதிரைகளின் விவரம் தரும் ரேஸ் புக். சென்னை கிண்டியில் பந்தயம் நடக்கும் நாள்களில் தாம்பரம் மின்ரயிலில் இந்நூல் பாராயணம் செய்யப்படும். குரோம்பேட்டையில் பக்கம் புரட்டி, பல்லாவரத்தில் பென்சிலைக் காதில் சொருகி, பரங்கிமலையில் முடிவுக்கு வந்து, கிண்டியில் இறங்கியதும் மனம் மாறுவது வாசகர் மரபு. இவ்வாசிப்பு வீண்வேலை அன்று: குதிரைப் பந்தயம் முதன்மையாகத் திறமை சார்ந்தது என்று 1996இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

அந்நூலில் குதிரை கடைசி ஓட்டங்களில் பிடித்த இடங்கள் எண்களாக நிற்கும். 7-5-4 என்றால் ஏறுமுகம். 4-5-7 என்றால் 'ஒளிச்சு வெச்சிருக்கான்'. 6-6-6 என்றால் நம்பகமான குதிரை. மூன்றுக்கும் உரையாசிரியர்கள் காணும் பொருள் ஒன்றே: அடுத்த ரேஸ் இதற்குத்தான்.

இந்நம்பிக்கைக்கு ஹேண்டிகேப் முறை துணைநிற்கிறது. தோற்கத் தோற்க ரேட்டிங் இறங்கும். அதோடு முதுகுச் சுமையும் இறங்கும். கெட்டிக்காரக் குதிரைக்கோ, ஜாக்கியின் எடை போதாதென்று ஈயத் தகடும் சேர்த்து ஏற்றுவார்கள். இதன்படி, போதிய அளவு தோற்ற குதிரை ஒருநாள் வென்றாக வேண்டும். ஆனால் சுமைக்குக் கீழ்வரம்பு உண்டு, வேகமின்மைக்கு இல்லை.

இதற்குச் சான்று ஜப்பானின் ஹாரு உராரா: 113 ஓட்டம், 113 தோல்வி. 2004 மார்ச்சில் நாட்டின் தலைசிறந்த ஜாக்கி யுதாகா தாக்கேவே ஏறிப் பார்த்தார். 11 குதிரைகளில் பத்தாவதாக வந்தது. தோற்றுத் தோற்றே அது நாடறிந்த நட்சத்திரமானது, எந்த உரையாசிரியரும் கணிக்காத திருப்பம்.

முதல் வெற்றிக்கு உண்மையில் உதவுபவை சில: பொருத்தமான தூரம், குறைந்த போட்டி, அடங்காத ஆண் குதிரையானால் காயடிப்பு. எல்லாவற்றிலும் உறுதியானது மெய்டன்களுக்கென்றே நடத்தும் தனிப் பந்தயம். அதில் ஓடும் எதுவும் வென்றதில்லை. எனினும் ஒன்று வென்றே தீர வேண்டும். வென்ற குதிரைக்கு ரேட்டிங் உயரும், சுமை ஏறும். அதன் பிந்தைய தோல்விகள் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.