புதரில் கிடந்த விசிறியின் குலங்கோத்திரம்

பழைய பண்ணைக் கொட்டகைக்குப் பின்னால், முட்செடிக்குள், எட்டடி நீளத்தில் முறுக்கிய மரக்கட்டை ஒன்று கிடக்கிறது. இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ இப்படியொன்று அகப்பட்டால், ஊர் உடனே இரண்டு பட்சமாகப் பிரியும். காற்றாலை இறக்கை என்பது ஒரு பட்சம். முதல் உலகப்போரில் பறந்த சோப்வித் கேமல் விமானத்தின் விசிறியேதான் என்பது மற்றொன்று. இரண்டாம் பட்சத்தாருக்குச் சான்று தேவைப்படுவதில்லை.

முதல் பட்சத்தை எள்ளிவிட முடியாது. 1930களில் மின்கம்பி எட்டாத அமெரிக்கப் பண்ணைகளில், ரேடியோ பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற ‘வின்சார்ஜர்’ என்ற சிறு காற்றாலையை மாட்டிக்கொண்டார்கள். அதன் மர இறக்கையைப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு. வழக்கைத் தீர்க்க வழி எளிது. புடைத்த முகம் மேலே தெரியும்படி தரையில் கிடத்தி, நடுப்பகுதிக்கு அருகே பார்க்கவேண்டும். தடித்த விளிம்பு உயர்ந்து நின்றால் விமானம். தாழ்ந்து போனால் காற்றாலை.

அடுத்தது குடம். வண்டிச் சக்கரத்துக்குப் போலவே விசிறிக்கும் நடுவில் குடம் உண்டு. ஜாதகம் முழுக்க அங்கேதான் அச்சாகியிருக்கும். பிரிட்டிஷ் விசிறி என்றால் வரைபட எண், எஞ்சினின் பெயர், குதிரைத்திறன், ‘டி’ என்று விட்டம், ‘பி’ என்று ஒரு சுற்றுக்கு அது திருகாணிபோல் முன்னேறவேண்டிய தூரம். இத்தனையையும் கண்டெடுத்தவர் முதல் ஞாயிற்றுக்கிழமையே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பளபளவென்று வார்னிஷ் அடித்துவிடுகிறார். ஆய்வுலகுக்கு நேர்ந்த கேடுகளில் கறையான் இதற்கு அடுத்த இடத்தில்தான் வரும்.

எழுத்து தப்பிப் பிழைத்து, ‘130 ஹெச்.பி. கிளெர்ஜே’ என்று இருந்தாலும் கேமல் கட்சி கொடியேற்றக் கூடாது. அதே எஞ்சின் சோப்வித்தின் ‘ஒன்றரை ஸ்ட்ரட்டர்’ விமானத்திலும் ஓடியது. வரைபட எண்தான் இருவரையும் பிரிக்கும்.

ஜெர்மன் விசிறிகளில் தமிழ் வாசகரைத் திடுக்கிட வைப்பது ஒன்று உண்டு: ‘கருடா’. புராணத்திலிருந்து பெயரெடுத்த கம்பெனி இருந்தது பெர்லினில். பெருமாள் கோயில் வாகனம் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்று தனி ஆய்வேடு எழுதலாம், இங்கே இடமில்லை.

காலத்தைக் கணிக்க மரமே பேசும். வால்நட், மகோகனிப் பலகைகளை அடுக்கி, அக்காலத் தச்சர்கள் விலங்குத் தோலில் காய்ச்சிய வஜ்ஜிரத்தால் ஒட்டிச் செதுக்கினார்கள். ஈரம் பட்டால் வஜ்ஜிரம் விட்டுவிடும். அடுக்குகள் பழைய புத்தகம்போல் வாய் பிளக்கும். ஆகவே நூறு மழைக்காலம் திறந்தவெளியில் கிடந்தும் மேனி குலையாத ‘1917 விசிறி’யைச் சந்தேகத்தோடு வரவேற்பதே முறை. நுனியில் பித்தளைத் தகடு இருந்தால் அதில் ஊசித் துளைகளைத் தேடலாம். சுழலும்போது உள்ளே புகுந்த ஈரம் தெறித்து வெளியேறத் துளைத்தவை அவை. அலங்காரத்துக்கு நகல் செய்கிறவர்கள் மறந்துபோகும் இடமும் அதுதான்.

குடமே இல்லாத இறக்கை கிடைத்தால்? போருக்குப் பின் குடத்தை மட்டும் அறுத்தெடுத்து, நடுத்துளையில் கடிகாரம் பதித்துக் கணப்பு மேடையில் வைப்பது அங்கே வழக்கமாக இருந்தது. அந்த வரைபட எண் ஏதோவொரு வீட்டுக் கூடத்தில் மணி காட்டிக்கொண்டிருக்கும்.