கூடுதல் விசைகளும் லினக்ஸும்

எழுத்து, எண், எஃப்1 முதல் எஃப்12 வரையிலான விசைகள் போக, ஒலியைக் கூட்ட, கால்குலேட்டரைத் திறக்க, கணினியைத் தூங்க வைக்க என்று தயாரிப்பாளர்கள் தாராள மனதோடு கீபோர்டில் பதித்துத் தருபவை கூடுதல் விசைகள். லினக்ஸில் இவை மூன்று வகைப்படும்: அழுத்தினால் சொன்ன வேலையைச் செய்பவை, சொல்லாத வேலையைச் செய்பவை, என்ன அழுத்தினாலும் மௌனவிரதம் காப்பவை. பயனரின் ஞாயிற்றுக்கிழமையை விழுங்குவது மூன்றாவது வகை.

விசையின் அழுத்தம் திரைக்கு வந்து சேர்வது தாலுகா அலுவலகத்தில் மனு நகர்வதைப் போன்றது. மேசைக்கு மேசை புது எண் போடுவார்கள். கீபோர்டு முதலில் ஸ்கேன்கோடு என்ற எண்ணை அனுப்புகிறது. லினக்ஸின் மையமான கர்னல் அதைத் தன் அட்டவணையில் தேடி, கீகோடு என்ற வேறோர் எண்ணாக்குகிறது. எக்ஸ்கேபி என்ற அடுக்கு அந்த எண்ணுக்குப் பொருளுள்ள பெயர் தருகிறது. அந்தப் பெயரைப் பார்த்த பிறகே டெஸ்க்டாப் காரியத்தில் இறங்கும். மனு எந்த மேசையில் உறங்குகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கர்னலின் அட்டவணை சுவையான வாசிப்பு. அதில் 152ஆம் எண்ணின் பெயர் காபி. அழுத்தினால் காபி வராது, திரை பூட்டிக்கொள்ளும். நாற்காலியை விட்டு எழுபவர் எங்கே போவார் என்பது பெயர் வைத்தவருக்குத் தெரிந்திருக்கிறது. 219 நிதி, 220 விளையாட்டு, 221 கடை. ஏறக்குறைய ஒரு நாளிதழின் பக்கப் பட்டியல்.

நோயைக் கண்டறிய எவ்டெஸ்ட் என்ற கருவி போதும். ரூட் உரிமையோடு அதை இயக்கி, கீபோர்டைத் தேர்ந்தெடுத்து, சந்தேகத்துக்குரிய விசையை அழுத்தினால் ஸ்கேன்கோடும் கீகோடும் திரையில் வரும். ஒன்றும் வராவிட்டால் உடனே மனம் தளர வேண்டியதில்லை. ஒரே யூஎஸ்பி கீபோர்டு பட்டியலில் இரண்டு மூன்று சாதனங்களாக நிற்பதுண்டு. கூடுதல் விசைகள் இரண்டாவதில் ஒளிந்திருக்கும். லேப்டாப் என்றால் கர்னலின் பதிவேட்டைப் பார்க்கலாம். தெரியாத விசை அழுத்தப்பட்டது என்று எழுதி, அதைத் தெரியவைக்க எந்தக் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும் என்றும் கர்னலே சொல்லிவிடும். குற்றத்தோடு பரிகாரத்தையும் சேர்த்துச் சொல்லும் மென்பொருள்கள் குறைவு. எஃப்என் விசை மட்டும் விதிவிலக்கு. பெரும்பாலான லேப்டாப்களில் அதன் கணக்கு வன்பொருளுக்குள்ளேயே முடிந்துவிடுவதால் லினக்ஸுக்குச் செய்தியே வராது.

எண் தெரிந்தும் வேலை நடக்காததற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1987இல் வந்த எக்ஸ்11 என்ற திரைச் சாளர அமைப்பு, கீகோடுகளுக்கு 8 முதல் 255 வரை மட்டுமே இடம் ஒதுக்கியது. கர்னலின் எண்ணோடு 8 கூட்டினால் எக்ஸின் எண். ஆக, கர்னலின் எண்களில் 247 வரைதான் உள்ளே நுழையலாம். மைக்கை அணைக்கும் விசையின் எண் 248! வாசல்வரை வந்து கதவடைக்கப்பட்ட அந்த விசைக்கு, பல லேப்டாப்களில் எஃப்20 என்ற வேடம் போட்டு அனுப்புகிறார்கள். அசல் எஃப்20 உள்ள கீபோர்டு மிக அரிது என்பதால் ஆட்சேபம் எழுவதில்லை. மைக்ரோசாஃப்டின் நேச்சுரல் எர்கோனாமிக் 4000 கீபோர்டின் நடுவில் இருக்கும் ஜூம் நெம்புகோலின் எண்கள் 418, 419. எக்ஸ் அதைக் கண்ணெடுத்தும் பார்க்காது. எக்ஸின் இடத்துக்கு வந்த வேலண்டுக்கு இந்த எல்லை கிடையாது.

நிலையான மருந்து, லினக்ஸில் சாதனங்களைக் கவனிக்கும் யூடெவின் வன்பொருள் தரவுத்தளம். அதற்கான கோப்பில் முதல் வரி எந்தக் கீபோர்டு என்று சொல்லும். அடுத்த வரி எந்த ஸ்கேன்கோடு எந்த விசையாக வேண்டும் என்று சொல்லும். மேற்சொன்ன நெம்புகோலுக்கு, சி022டி என்பதைப் பேஜ்அப் ஆக்கினால் அது பக்கம் புரட்டத் தொடங்கும். இரண்டாம் வரி ஓர் இடைவெளியோடு தொடங்க வேண்டும். மறந்தால் மீதி எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. பிறகு தரவுத்தளத்தைப் புதுப்பித்து யூடெவைத் தட்டி எழுப்பினால், எக்ஸ், வேலண்ட், வெறும் டெர்மினல் மூன்றிலும் மாற்றம் செல்லும். பழைய வழிகாட்டிகள் பரிந்துரைக்கும் எக்ஸ்மோட்மேப், கீபோர்டைக் கழற்றி மாட்டினாலே மறந்துபோகும். வேலண்டில் அதன் பேச்சு எடுபடாது.

பெரும்பாலான கூடுதல் விசைகள் பழுதானவை அல்ல, பெயர் கிடைக்காதவை. ஆகவே முதலில் எவ்டெஸ்ட், பிறகு கோபம்.