பெரியப்பாவின் வயிற்றுவலி

பெரியப்பாவுக்கு வயிறு வலித்தால் டாக்டருக்குத் தலை வலிக்கும். "என்ன செய்யுது?" என்று அவர் கேட்டதும் பெரியப்பா வயிற்றிலிருந்து தொடங்க மாட்டார், வள்ளியூரில் நடந்த ஒரு கல்யாணத்திலிருந்து தொடங்குவார். மாப்பிள்ளை வீட்டார் எந்த வழியில் சொந்தம், பஸ் ஏன் பிந்தியது, பந்தியில் பக்கத்து இலைக்காரர் யார், அவர் மகனுக்குத் துபாயில் என்ன வேலை... டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டுவது வயிற்றைக் கேட்கவா, பெரியப்பாவைக் கேட்காமலிருக்கவா என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். இத்தனைக்கும் குற்றவாளி பாயசம்தான். மூன்று தரம் வாங்கிக் குடித்திருக்கிறார். அந்தப் பாயசம் மட்டும் கதையில் வரவே வராது.

பெரியம்மை அதே டாக்டரிடம் போனால் இரண்டே வரி. "நடுராத்திரி யாரோ முதுகுல ஆணி அடிச்சாப்ல இருந்துச்சு டாக்டர். முழிச்சுப் பார்த்தா ஒருத்தரையும் காணோம்." டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். உடனே ஈசிஜி எடுக்கச் சொன்னார். வெறும் வாய்வு. ஆனாலும் இன்றைக்கு வரைக்கும் தெருவில் எங்களைப் பார்த்தால், "பெரியம்மாவோட ஆணி எப்படி இருக்கு?" என்று விசாரிக்கிறார். பெரியப்பாவின் வயிற்றை அவர் விசாரித்ததே இல்லை.

பெரியப்பா வரலாற்றில் பி.ஏ. பெரியம்மை ஐந்தாம் வகுப்பு. ஆனால் ஊர்க் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு நடக்கிறபோதெல்லாம் பெரியப்பா கமிட்டியில் வரவு செலவு பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மை முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்து கதை கேட்டுக்கொண்டிருந்தாள். வித்தியாசம் அங்கேதான் ஆரம்பம் என்பது என் கட்சி.

தென்பக்கத்துக் கொடைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மணிகள் கட்டின நீள வில், அதோடு சேர்ந்த குடம், உடுக்கை, ஜால்ரா. புலவர் வீசுகோலால் நாணைத் தட்டிக் கதை சொல்வார். சுடலைமாடன் கதையோ, முத்தாரம்மன் கதையோ, கூட்டத்துக்கு முழுசாகத் தெரிந்ததுதான். இருந்தும் விடிய விடிய உட்கார்ந்திருக்கும். காரணம், புலவர் ஒரு கண்ணைக் கூட்டத்தின் மேலும் இன்னொரு கண்ணைச் சன்னதியின் மேலும் வைத்திருப்பார். சாமியாடிக்கு அருள் வருகிற நேரமும் கதையின் உச்சமும் ஒன்றாகக் கூடி வர வேண்டும். அங்கே படையல் போட்டு முடியவில்லையா? கதைநாயகி அரைமணி நேரம் தலைவாரிப் பூ வைத்துக்கொள்வாள். பூசாரி கையைக் காட்டிவிட்டாரா? பன்னிரண்டு வருஷம் ஒரே அடியில் ஓடிவிடும். இந்த நீட்டலும் சுருக்கலும் எந்தப் பல்கலைக்கழகத்தில் கிடைக்கும்? பல்கலைக்கழகங்களுக்கும் இது தெரிந்துதான் இருக்கிறது. பள்ளிப் படிப்பையே முடிக்காத இடைசெவல் எழுத்தாளர் கி. ராஜநாராயணனைப் புதுவைப் பல்கலைக்கழகம் கூப்பிட்டுப் பேராசிரியராக்கியது. வில்லைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போன சுப்பு ஆறுமுகத்துக்கு 2021-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

வில்லுப்பாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் 'ஆமா' போடுகிறவர். புலவர் "ராசா வேட்டைக்குப் போனார்" என்றால் இவர் "ஆமா, போனார்" என்பார். ராசா எந்தக் கிழமை போனார் என்று கேட்க மாட்டார். குடும்பக் கதைகளில் இந்த இடம் காலியாகவே கிடக்கிறது. அல்லது தப்பான ஆள் உட்கார்ந்திருக்கிறார். திருச்செந்தூரில் சங்கிலி தொலைந்த கதையைப் பெரியம்மை சொல்லும்போது, "ஆவணித் திருவிழாக் கூட்டம். கழுத்தத் தடவுதேன்..." என்று நிறுத்துவாள். எல்லோரும் தங்கள் கழுத்தைத் தடவிப் பார்க்கிற அந்தச் சமயத்தில் உள்ளேயிருந்து பெரியப்பா குரல் வரும்: "ஆவணி இல்ல, மாசி." அவ்வளவுதான். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சங்கிலியை அப்படியே விட்டுவிட்டு ஆவணியா மாசியா என்று பட்டிமன்றம் நடத்த ஆரம்பித்துவிடுவார்கள். இவரை வில்லுமேடையில் உட்காரவைத்தால், வருகிற சாமி பாதி வழியில் திரும்பிப் போய்விடும்.

பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி மகன் போன மாதம் வந்திருந்தான். நேர்முகத் தேர்வில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதும் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து தொடங்குகிறவன், பெரியப்பா வம்சம். இப்போது பணம் கட்டிக் கதை சொல்லும் பயிற்சி வகுப்புக்குப் போகிறானாம். கேட்டதும் பெரியம்மை வாயில் கையை வைத்துக்கொண்டாள். "கதை சொல்லதுக்கா துட்டு? உங்க பெரியப்பா கதைய இத்தன வருசமா கேட்டதுக்கு எனக்குல்லா துட்டு தரணும்!"

அன்று ராத்திரி கரண்ட் போய்விட்டது. பிள்ளைகள் எல்லாம் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கள்ளன் தென்னைமரத்தில் ஏறிவிட்டான், கீழே நாய் நிற்கிறது. "பொறவு?" என்றான் பெங்களூர்க்காரன். பெரியம்மை சுளகை அவன் பக்கம் நகர்த்தினாள். "ஆளுக்கு நாலு பூண்டு உரிங்க, சொல்லுதேன்." உரித்தார்கள். நாய் மரத்தைச் சுற்றி வந்தது. இன்னும் நாலு பூண்டு. நாய் குரைத்தது. ஊறுகாய்க்கான பூண்டு மொத்தமும் உரித்து முடிந்தபோது கரண்ட் வந்துவிட்டது. பெரியம்மை எழுந்து போய்விட்டாள். கள்ளன் இன்னும் மரத்தில்தான் இருக்கிறான். நாளைக்குச் சின்ன வெங்காயம் இருக்கிறதாம்.