கேட்காமல் விற்றவரைக் கேளுங்கள்!

கே: நான் சொல்லாமலே என் பங்கை விற்று ஆப்ஷன் வாங்கியிருக்கிறார் புரோக்கர் ஆபீஸ்காரர். கேட்டால், “போன்ல நீங்கதானே சரின்னீங்க” என்கிறார். நான் சொல்லவில்லை என்று எப்படி நிரூபிப்பது?
(வாசகர், மேலகரம்)

ப: நீங்கள் ஏன் நிரூபிக்க வேண்டும்? அவர் நிரூபிக்கட்டும். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2018 மார்ச்சில் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, நீங்கள் ஆர்டர் கொடுத்ததற்குச் சான்று புரோக்கர் கையில் இருக்க வேண்டும்: உங்கள் கையெழுத்து, போன் ஒலிப்பதிவு, மெயில், குறுஞ்செய்தி என ஏதாவது ஒன்று. தகராறு என்று வந்தால் நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையதே. “அந்த ஒலிப்பதிவை அனுப்புங்கள்” என்று இன்றே மெயில் போடுங்கள். வாயால் கேட்டால் வாய்ப்பந்தல்தான் கிடைக்கும், எழுத்தில் கேளுங்கள்.

கே: என் கணக்கிலும் இப்படி மாதக்கணக்கில் நடந்திருக்கிறது. எனக்கு ஒரு மெசேஜ்கூட வரவில்லையே?
(வாசகி, இலஞ்சி)

ப: கணக்கில் பதிவான போன் எண்ணும் மெயிலும் யாருடையவை என்று முதலில் பாருங்கள். “உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்” என்று ஆபீஸ்காரர் தன் எண்ணைப் போட்டிருந்தால், மெசேஜ் ஒழுங்காக அவருக்குப் போயிருக்கும்! வியாபார விவரச் சீட்டான காண்ட்ராக்ட் நோட் 24 மணி நேரத்துக்குள் உங்களுக்கு வந்தாக வேண்டும். அதில் ஆர்டர் போட்ட நேரம்கூட இருக்கும். காலை 10.42க்கு ஆர்டர் என்றால், அந்த நேரத்தில் நீங்கள் ஐந்தருவியில் தலையை நனைத்துக்கொண்டிருந்தீர்களா என்று யோசியுங்கள். தெரியாத வியாபாரம் இருந்தால் அன்றே மறுத்து எழுதுங்கள். பேசாமல் இருந்தால் அதையே சம்மதம் என்று வாதாடுவார்கள்.

கே: பெரிய கம்பெனியில் கணக்கு வைத்தால் பயமில்லைதானே?
(வாசகர், செங்கோட்டை)

ப: தென்காசி தனி மாவட்டமான நாள் நினைவிருக்கிறதா? 2019 நவம்பர் 22. அதே நாளில்தான் ஹைதராபாத்தின் கார்வி ஸ்டாக் புரோக்கிங் மீது செபி தடை போட்டது. வாடிக்கையாளர் நம்பிக் கொடுத்த பவர் பத்திரத்தை வைத்து, அவர்கள் பங்குகளை அடகு வைத்துக் கடன் வாங்கியிருந்தது அந்தப் பெரிய கம்பெனி. தொகை 2,000 கோடி ரூபாய்க்கு மேல். பிறகு விதிகள் இறுகின. இப்போது அடகுக்கு உங்கள் ஓடிபி வேண்டும். அதை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

கே: ஆபீஸ்காரர் எங்கள் தெருப் பையன். என் மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன். எப்படிப் புகார் கொடுப்பது?
(வாசகர், கடையநல்லூர்)

ப: பரிமாறியதற்கு நன்றி சொல்லியாயிற்று. அதற்குக் கூலியாக உங்கள் ஓய்வுக்காலப் பணத்தை எடுத்துக்கொள்ள முடியாது. நீங்கள் வாய் திறக்காவிட்டால் அடுத்த பந்தியில் உட்கார்ந்திருப்பவருக்கும் இதுதான் நடக்கும். அவன் செய்ததற்குத் தலைமை புரோக்கர் பொறுப்பு. ஆகவே நேராக அங்கே எழுதுங்கள்.

கே: புகாருக்கு மும்பை போக வேண்டுமா?
(வாசகி, தென்காசி)

ப: ரதவீதியைக்கூடத் தாண்ட வேண்டாம். முதலில் புரோக்கர் கம்பெனிக்கு எழுதுங்கள். சரியான பதில் இல்லையா, செபியின் ‘ஸ்கோர்ஸ்’ தளத்தில் புகார் பதியுங்கள். 21 நாளில் புரோக்கர் கம்பெனி பதில் தர வேண்டும். அதுவும் திருப்தி இல்லையென்றால் ‘ஸ்மார்ட் ஓடிஆர்’. சமரசமும் நடுவர் விசாரணையும் ஆன்லைனிலேயே நடக்கும். ஸ்கோர்ஸுக்கு ஓராண்டுக்குள் போய்விடுங்கள்.

கே: “இன்னும் ஒரு லட்சம் போடுங்க, விட்டதைப் பிடிச்சுடலாம்” என்கிறாரே புரோக்கர் ஆபீஸ்காரர்?
(வாசகர், குற்றாலம்)

ப: வெள்ளம் வந்த அருவியில், அடித்துப்போன செருப்பை எடுக்க இறங்குவீர்களா? ஒரு ரூபாயும் போடாதீர்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள், ஸ்டேட்மெண்டை இறக்கிக்கொள்ளுங்கள், புகாரை எழுதுங்கள். மூன்றும் இன்று இரவே முடிகிற வேலை.