கூடாரத்துக்கு அப்டேட் கிடையாது

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஃபுட்பால் டிக்கெட் ஆப்பை மாணவர்களுக்கென்றே மாற்றி அமைப்பது இப்போது ஒரு புண்ணிய காரியம். மாணவன் கேட்பது அதிகமில்லை: காய்ச்சல் வந்தால் டிக்கெட்டை அறைத்தோழனுக்குத் தள்ளிவிட ஒரு பொத்தான், நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார ஒரு வழி. கிடைப்பதோ அணியின் நிறத்தில் புது முகப்பு, பனியன் கடை, நன்கொடைக்கு ஒரு பக்கம். (படிப்புக் கடனில் இருப்பவனிடம் நன்கொடை!)

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். அத்தனை பேரும் வாசலில் செல்பேசியை நீட்டினால் சிக்னல் எங்கே நிற்கும்? ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்வோம் என்றால், சில விநாடிக்கொருமுறை மாறும் பார்கோடு அதற்கும் ஆப்பு வைத்துவிடுகிறது.

இந்த விஷயத்தில் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் விவரமானவர்கள். வட கரோலினா பல்கலைக்கழகத்துடனான கூடைப்பந்து ஆட்டத்துக்காக, 1986-இல் தொடங்கிய வழக்கப்படி, அரங்கத்துக்கு வெளியே கூடாரம் போட்டு வாரக்கணக்கில் குளிரில் கிடக்கிறார்கள். ஆள் உள்ளே இருக்கிறாரா என்று நடுராத்திரியில் எழுப்பித் தலை எண்ணுவதும் உண்டு. ஆனால் டிக்கெட் இலவசம்; கூடாரம் பாஸ்வேர்டும் கேட்பதில்லை.